பத்து நாள் பிள்ளை

படிவத்தில் பதினேழு கேள்விகள்.
வீட்டில் நாய் உண்டா, கிணறு மூடியிருக்கிறதா,
மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா.
பின்பக்கம் விதிகள்:
நடந்ததைப் பற்றிக் கேட்காதீர்கள்,
விலை கூடிய பரிசு வேண்டாம்,
புறப்படும்போது 'மறுபடியும் வா' என்று சொல்லாதீர்கள்.
கடைசி விதியை ஆவுடையப்பன் இரண்டு தரம் வாசித்தார்.
"வேற என்னத்தச் சொல்லணுமாம்?"

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை
அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில்
வேனிலிருந்து பன்னிரண்டு பேர் இறங்கினார்கள்,
கூரியர் பார்சல் மாதிரி கழுத்தில் அட்டையோடு.
எங்களுக்கு ஒன்பதாம் எண்.
லின்சி. நாலாம் வகுப்பு.
ஊர் என்ற இடத்தில் எஸ்டேட்டின் பெயரை எழுதி
அடித்துவிட்டு
முகாம் என்று எழுதியிருந்தது.

நல்ல அறையைத்தான் கொடுத்தோம்.
ஜன்னலைத் திறந்தால் பொதிகை கட்டில்வரை வரும்.
அந்த மலைக்காகவே வீட்டுக்காரர்
மாதம் ஐநூறு கூட வாங்குகிறார்.
அவள் எட்டிப் பார்த்தாள்.
"இது எந்தப் பக்கம் விழும்?" என்றாள்,
தென்காசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில்.

தெருப்பக்க அறைக்குக் கட்டிலை மாற்றினோம்.
அது கிஷோர் அறை.
மூன்று நாள் அவளோடு அவன் பேசவில்லை.
நானும் திட்டவில்லை. பதினொரு வயசு அவனுக்கு,
அவன் அறை அவனுக்கு ஊர்.

சொதி இறங்கவில்லை அவளுக்கு; குழம்பு தித்திக்குமா என்று ஒதுக்கிவைத்தாள்.
கட்டன் சாயா கேட்டாள், வேளைக்கு ஒன்று.
என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து
கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து நகல் எடுத்தாள்.
ஒன்று. இரண்டு. ஏழு.
"பக்கத்துக்கு ரெண்டு ரூவாளா" என்றேன்.
"கணக்குல எழுதிக்கோங்க" என்றாள்.

ஆற்றுக்குப் போனபோது
படித்துறையில் கடைசிக்கு முந்தின படியில் நின்று
வெகுநேரம் தண்ணீரின் நிறம் பார்த்தாள்.
தெளிந்துதான் ஓடியது.
பிறகே செருப்பைக் கழற்றினாள்.

ஆறாம் நாள் இரவு
கோடைமழை, ஓட்டில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி.
யாரோ என் தோளைத் தொட்டார்கள்.
கத்தவில்லை, அழவில்லை.
"எந்திரிங்க." அடுத்து அவரை. அடுத்து கிஷோரை.
வாசலில் எங்கள் செருப்புகள் தெருவைப் பார்த்து நின்றன.
அவளுடைய பள்ளிக்கூடப் பைக்குள்
கேஸ் புத்தகம், ரேஷன் அட்டை,
அவருடைய சர்க்கரை மாத்திரை, என் கடைச் சாவி,
கிஷோரின் பந்து.
எது எங்கே இருக்கிறதென்று
இந்த வீட்டில் எனக்கே தெரியாது.

ஒற்றைக் குடையில் தெருவில் நின்றோம்.
எண்ணினாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு."
மறுபடியும், "ஒண்ணு, ரெண்டு, மூணு."
எங்கேயோ கணக்கு உதைத்தது, முகம் வெளுத்தது.
"ஏட்டி, ஒன்னைய விட்டுட்டயே" என்றான் கிஷோர்.
"நாலு."

எதிர்வீட்டு மைதீன் கதவைத் திறந்து,
"என்ன அண்ணாச்சி, கரண்ட் இல்லியா?"
"ஆமா, காத்தாட நிக்கோம்" என்றார் இவர்.
தெருவிளக்கு அத்தனையும் எரிந்துகொண்டிருந்தது.
மைதீன் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார்,
உள்ளே போய்
இன்னொரு குடை எடுத்துவந்தார்.

மழை விட்டதும், "இப்பம் போலாம்" என்றாள்.
எங்கள் ஊர் 'இப்பம்'. அதுவரை 'இப்ப' என்பவள்.

பத்தாம் நாள் வேன் வந்தது.
விதியை மீறவில்லை நாங்கள்;
நல்லாப் படி, தண்ணி குடி,
ஜன்னல் பக்கம் கையை நீட்டாதே என்றோம்.
இவர் செருமிக்கொண்டே இருந்தார்.
அவளுக்கு விதி எதுவும் கொடுத்திருக்கவில்லை.
படியில் ஏறித் திரும்பி,
"ராத்திரி மழன்னா மேல் தாழ்ப்பாள் போடாதீங்க,
அது முறுக்கிக்கிட்டு வருது, தொறக்க லேட்டாகும்"
என்றாள்.

ஏழு உள்ளங்கைகளையும் எடுத்துப் போகவில்லை.
பதினாலு ரூபாய் நிற்கிறது கணக்கில்.
ஐப்பசி பிறந்துவிட்டது.
நேற்று அவர் ஸ்டூல் போட்டு ஏறி
மேல் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார்.
கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவன்,
"இன்னும் கொஞ்சம் விடுங்கப்பா" என்றான்.